வினோஜா கேட்ட தண்ணீர்

1

இந்தக் கதை கொக்குவிலில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் இருந்த ஆராய்ச்சி மாணவி, வெயிலால் தண்ணீரைச் சுத்தமாக்கும் ஒரு பொடியைப் பற்றிப் பாயசம் ஆறும்வரை சொன்னாள். நம்பிக்கையான கதையொன்று எழுதலாம் என்று வீட்டுக்கு வந்தேன். இப்போது என்ன எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

2

அச்சுவேலி வெயிலுக்கு ஒரு

[இல்லை. வெயிலைப் புகழ்ந்து தொடங்கினால் பொடி வென்றுவிடும்.]

ஆராய்ச்சி மாணவி வினோஜா தன் பொடியை* நிஜமான கிணற்றுத் தண்ணீரில் சோதிக்க விரும்பினாள். அச்சுவேலியில் இராசமலரின் கோழிப் பண்ணைக்குப் போனாள். கோழிகளுக்குக் கொடுக்கும் அன்ரிபயோட்டிக் மருந்து எருவோடு நிலத்தில் இறங்கி வீட்டுக் கிணற்றில் கலந்திருக்கும் என்பது அவள் கணிப்பு. தண்ணீர் வேண்டும் என்றாள். இராசமலர் உள்ளே போய் ஒரு போத்தல் நிறையக் கொண்டுவந்தாள்.

[இங்கே வினோஜாவை நான் சந்தேகிக்கிறேன். தானே அள்ளியிருக்க வேண்டாமா? ஆனால் வீட்டுக்காரி சிரித்துக்கொண்டு நீட்டும்போது எப்படி வேண்டாம் என்பது?]

* பெயின்ற்றில் போடும் வெள்ளைத் தூளும் சிரட்டைக் கரியும் சேர்ந்த கலவை. வெயில் பட்டால் தண்ணீரில் உள்ள மருந்தை உடைக்கும். தண்ணீரில் உப்புக் கூடினால் வேலை செய்யாமல் சோம்பிவிடும்.

3

எவ்வளவு உடைகிறது என்று அளக்க, அந்தத் தண்ணீரில் அவளே மருந்தை அளந்து கலந்தாள். வெயிலில் வைத்தாள். மருந்து காணாமல் போனது. உங்கள் தண்ணீருக்குப் பொடி நன்றாக வேலை செய்கிறது என்று இராசமலருக்குப் போன் எடுத்துச் சொன்னாள். பொடி பூசிய தட்டொன்றையும் இராசமலர் வீட்டுக் கிணற்றடியில் வைத்துவிட்டு வந்தாள்.

தட்டைப் பார்க்கப் போனபோது இராசமலர் தேத்தண்ணி கொடுத்தாள். நாக்கில் உப்புக் கரித்தது. சோதித்த தண்ணீரில் உப்பே இல்லையே.

"அக்கா, அண்டைக்கு எந்தக் கிணத்துத் தண்ணி தந்தனீங்கள்?"

"கோயில் கிணத்துத் தண்ணிதான் பிள்ளை. ஒரு ஆள் வீடு தேடி வந்து தண்ணி கேட்டால் எங்கடை வீட்டு உப்புச் சவர்த் தண்ணியையே குடுக்கிறது?" இராசமலர் சிரித்தாள். "இப்ப அங்கை போற கரைச்சல் இல்லை. நீங்கள் சொன்னாப் பிறகு உந்தத் தட்டிலை விட்டு எங்கடையைத்தான் குடிக்கிறம்."

4

முதல் முடிவு: உப்புத் தண்ணீரில் பொடி வேலை செய்யாது என்ற உண்மையை வினோஜா சொல்கிறாள். இராசமலரின் சிரிப்பு நின்றுபோகிறது. உபசரித்ததற்காக ஒருத்தியை வெட்கப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் முடிவு: திருத்த வேண்டும் என்று பொய் சொல்லித் தட்டை எடுத்துப் போகிறாள். ஆனால் அவர்கள் அந்தத் தண்ணீரைத்தானே தொடர்ந்து குடிப்பார்கள்? நல்லது என்று சொன்னவள் அவள்தானே? [வெட்டிவிட்டேன். பிறகு மறுபடியும் எழுதினேன்.]

மூன்றாம் முடிவுக்கு அவள் மனதுக்குள் போகப் பார்த்தேன். அவளுக்குக் கோபம் யார்மேல்? இராசமலர்மேலா, தன்மேலா, அந்தப் போத்தலை வாங்கிய கையின்மேலா? வினோஜா கோப்பையை

5

இராசமலரின் மகள் ரியூஷன் முடிந்து வந்துவிட்டாள். சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே தட்டடிக்குப் போய்க் குவளையை நிரப்புகிறாள்.

வினோஜா வாயைத் திறந்தபடி என்னைப் பார்க்கிறாள். நான் இன்னும் இரண்டாம் முடிவைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இவ்வளவு நேரமும் பக்கத்தில்தான் நின்றீர்கள். ஏதாவது சொல்லுங்கள். பிள்ளை குவளையைத் தூக்கிவிட்டாள்.