எடைக்காரம்மா படிச்சுக்கிட்டிருந்த பக்கம்

அந்தப் பார்சல் கிடங்குல எடை போடுற அம்மா ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இருநூத்திப் பன்னெண்டு கிலோ இருந்தாங்க. புதன்கிழமை இருநூத்தி முப்பத்தொம்பது. வியாழக்கிழமை வீட்டுக்கு விருந்தாளி வந்து உக்காந்துட்டதால படிக்க நேரம் கிடைக்கல, அதே இருநூத்தி முப்பத்தொம்பதுலயே நின்னாங்க. ஆள் பார்க்க எப்பவும் போல ஒல்லிதான், ரவிக்கை தைக்கிறவங்களுக்கு அளவு மாத்த வேண்டிய வேலை வரல. வீட்டுப் படியில ஏறும்போது மட்டும் படி முனகும். அவங்க வீட்டுக்காரர் கடிகாரம் ரிப்பேர் பண்றவர், கண்ணுல மாட்டின லென்ஸைக் கூடக் கழட்டாம, "ஏம்மா, கொஞ்சம் சின்னப் புத்தகமா எடுக்கக் கூடாதா? கட்டில் காலை இந்த வருஷமே ரெண்டு தடவை மாத்தியாச்சு"ன்னு கேட்பார். "நீங்க வேணா கீழ படுத்துக்குங்க"ன்னு இவங்க சொல்லிட்டு பக்கத்தைப் புரட்டுவாங்க.

இது ஆரம்பிச்சது ஒரு பழக்க தோஷத்துலதான். கிடங்குச் சுவர்ல ஒரு கரும்பலகை உண்டு. அன்னிக்கு வந்த சரக்கை அதுல எழுதணும், மூணே கட்டம்: பேர், பொருள், எடை. மதியம் சாப்பிட்டு முடிச்சா கால்மணி நேரம் மிஞ்சும். அப்ப யார் என்ன படிக்கிறாங்கன்னு பேசிக்கிறது இவங்க வழக்கம். புத்தகத்தோட பேரைச் சொல்லணும், எத்தனாவது பக்கம்னு சொல்லணும், கதை இப்ப எங்க நிக்குதுன்னு சொல்லணும். முடிவை மட்டும் சொல்லக் கூடாது. ஒரு நாள் எடைக்காரம்மா, பேசினதை மறந்துடக் கூடாதேன்னு, பலகையோட அடியில எழுதிவெச்சாங்க. பதினஞ்சு வருஷமா எழுதின கை, அந்த மூணு கட்டத்தை விட்டா அதுக்கு வேற போக்கிடம் தெரியாது. பேர்னு இருந்த இடத்துல தன் பேர், பொருள்னு இருந்த இடத்துல புத்தகத்தோட பேர், எடைன்னு இருந்த இடத்துல பக்க எண், நாப்பத்தேழு. சாயங்காலம் எடை மேடையைக் கூட்டறதுக்காக மேல ஏறி நின்னாங்க, முள்ளு நாப்பத்தேழுல போய் நின்னுது. மேடைதான் பழுதுன்னு நினைச்சு எடைக்கல்லெல்லாம் வெச்சுப் பார்த்தாங்க. கல்லெல்லாம் சரியாத்தான் காட்டிச்சு.

அதுக்கப்புறம் மத்தவங்களும் எழுதினாங்க, மத்தவங்களுக்கும் அப்படியே ஆச்சு. பார்சலைக் கட்டுற கயிறண்ணன் ஒரு கொலை வழக்குக் கதை படிச்சார், எண்ணூறு பக்கத்துக்கு மேல போகுது, மனுஷன் ஐநூறைத் தாண்டினதும் அவர் நிக்கிற இடத்துல தரை லேசாக் குழிஞ்சுது. வேன் டிரைவர் பாலம் எப்படிக் கட்டுறாங்கன்னு ஒரு புத்தகம். பெட்டி மேல விலாசம் எழுதற பொண்ணுக்கு விலாசம்னே பேர் விழுந்துடுச்சு. அவ படிச்சது ஒரு மெல்லிசான கவிதைப் புத்தகம், மூணு மாசமா முப்பத்தொண்ணாவது பக்கத்தை விட்டு நகரவே இல்லை. "என்ன விலாசம், பக்கம் ஒட்டிக்கிச்சா?"ன்னு கயிறண்ணன் சீண்டுவார். "ஒட்டிக்கிட்டது நான்தாண்ணே"ம்பா. ஏமாத்தவும் முடியாது. கயிறண்ணன் ஒரு தடவை வீம்புக்கு எழுநூறுன்னு எழுதிட்டு மேடை ஏறினார், முள்ளு நூத்தி இருபதுலயே நின்னு அவர் மானத்தை வாங்கிச்சு. புத்தகம் முடிஞ்சா பழைய உடம்பு எடை திரும்ப வந்துடும். புதுசா ஒண்ணைத் தொடங்கினாத்தான் கஷ்டம். முதல் பக்கத்துல இருக்கிற ஆள் ஒரே கிலோதானே, மின்விசிறிக் காத்துக்கே தரையை விட்டுக் கிளம்பிடுவாங்க. அந்த மாதிரி நேரத்துல கயிறண்ணன் அவங்களைப் பார்சல் கயித்துல தூணோட ஒரு சுத்து சுத்தி வெப்பார். இருபது பக்கம் தாண்டினதும் அவுத்து விடுவார்.

ஏழு வருஷம் இப்படி ஒரு குறையும் இல்லாமப் போச்சு. அப்புறம் ஒரு மேனேஜர் வந்தார். கெட்டவர்னு சொல்ல முடியாது, சரியான நேரத்துக்கு வருவார், யார்கிட்டயும் கை நீட்ட மாட்டார். பக்கத்து ஊர்க் கிடங்குல அதிகப் பாரம் ஏத்தின வேன் ஒண்ணு கவிழ்ந்த செய்தி வந்ததும், எழுநூத்தம்பது கிலோவுக்கு மேல ஏத்தின எந்த வேனும் கேட்டைத் தாண்டக் கூடாது, எடைக்காரம்மா கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாம வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டவர் அவர்தான். ஆனா பலகையோட அடிப்பக்கத்தைப் பார்த்தாலே அவருக்குப் பத்திக்கிட்டு வரும். "வீட்ல படிங்க, யார் வேண்டாம்னது? அதை இங்க வந்து சொல்லிக்க என்ன இருக்கு?"ன்னு கேட்டுட்டு ஈரத்துணியால அழிச்சார். மறுநாள் எடைக்காரம்மா எழுதினாங்க. அழிச்சார். எழுதினாங்க. சாக்பீஸைப் பூட்டிவெச்சார். வீட்டுக்காரர் கடைல கடிகார முள்ளுக்குப் பூசற வெள்ளைப் பெயிண்ட் இருந்தது, அதைக் கொண்டுவந்து எழுதினாங்க.

இவ்வளவு பிடிவாதம் எதுக்குன்னு வீட்டுக்காரரே ஒரு நாள் கேட்டார். இவங்க பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவுத்திட்டு வந்து சொன்னாங்க: "இருபத்திரெண்டு வருஷமா அங்க என்னை எல்லாரும் ஒரே கேள்விதாங்க கேட்டாங்க, எத்தனை கிலோன்னு. இந்தக் கால்மணி நேரத்துலதான் ஒருத்தர், அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்கறாங்க." அவர் பெயிண்ட் டப்பாவை அவங்க பைக்குள்ள எடுத்து வெச்சார்.

மேனேஜர் எடைக்காரம்மாவுக்கு மாற்றல் ஆர்டர் வாங்கிட்டு வந்தார். ஒரு நாள் பூரா வண்டியில போகணும், அவ்வளவு தூரத்துல இருக்கு அந்தக் கிடங்கு. அங்க மெஷினே எடை போட்டுடும், பக்கத்துல ஒரு ஆள் சும்மா உக்காந்து பார்த்துக்கிட்டு இருக்கணும், பேச்சுத்துணைக்கு ஈ காக்கா கிடையாது. கம்பெனி விதிப்படி மாற்றலாகிற ஆள் கம்பெனி வேன்லதான் போகணும், கேட்ல எடைச் சீட்டோட. எடைக்காரம்மா மறுத்து ஒரு வார்த்தை பேசல. துணிப்பெட்டியோட வந்து வேன்ல ஏறினாங்க, கேட் பக்கத்து வண்டி எடை மேடையில சரக்கோட சேர்த்து எடை பார்த்தாங்க, சீட்டுல எண்ணூத்தி எண்பத்தாறுன்னு எழுதி நீட்டினாங்க. சரக்கும் பெட்டியும் ஐநூறு, இவங்க முன்னூத்தி எண்பத்தாறு, டிரைவர் இன்னும் ஏறக்கூட இல்லை. வாட்ச்மேன் சீட்டைப் பார்த்தார், கேட்டைத் திறக்கல. சரக்கு அவசரச் சரக்கு, இறக்க முடியாது. நானூறு கிலோவுக்குக் குறைஞ்ச சரக்கோட வேனை அனுப்ப மேனேஜருக்கு அதிகாரம் இல்லை. "போக மாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே சார்"னு சொல்லிட்டு எடைக்காரம்மா இறங்கிப் போய் வேலையைப் பார்த்தாங்க.

புத்தகம் முடிஞ்சா எடை போயிடும்ங்கிறது மேனேஜருக்கும் தெரியும். அவர் கடைல அதே புத்தகத்தை வாங்கிட்டு வந்து, எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது நடுவுல நின்னு கடைசிப் பக்கத்தைச் சத்தமாப் படிச்சார். கலங்கரை விளக்கத்துல வேலை பார்க்கிற மூணு அக்கா தங்கச்சிங்க கதை அது. ரெண்டு பேர் கரை சேர்றாங்க, மூணாவது தங்கச்சி விளக்கைவிட்டு வரமாட்டேன்னு அங்கேயே இருந்துடறான்னு முடியுது. விலாசம் காதைப் பொத்திக்கிட்டா. கயிறண்ணன் கையில இருந்த சாப்பாட்டை அப்படியே வெச்சுட்டார். ஏழு வருஷத்துல அந்த அறையில யாரும் பண்ணாத காரியம் அது. எடைக்காரம்மா வாயில இருந்ததை மென்னு முழுங்கிட்டு, நேரா எடை மேடையில போய் நின்னாங்க. நானூத்தி ரெண்டு.

"முடிவு தெரிஞ்சுபோச்சு சார், சந்தோஷம். நான் இன்னும் நானூத்தி ரெண்டுலதான் இருக்கேன். அந்தக் கடைசித் தங்கச்சிக்குத் தண்ணின்னாலே பயம். அவ எப்படி அங்க தனியா இருக்கேன்னு சொன்னா? உங்களுக்குத் தெரியுமா?"

மேனேஜர் அந்தக் கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை புரட்டித் தேடினார்.

"அப்ப உக்காருங்க, சொல்றேன்"னு சொன்னாங்க. அவர் உக்காரல, போயிட்டார். அன்னிக்கு எடைக்காரம்மா எப்பவும் விட அதிகமாவே சொன்னாங்க, கேட்டவங்களும் அப்புறம், அப்புறம்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. முடிவு தெரிஞ்ச கதையை யாரும் பாதியில விட்டுட்டு எழுந்து போகல.

கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்காம விட்டுடுங்கன்னு எல்லாரும் கெஞ்சினாங்க. நானூத்தி எழுபதுல நின்னுட்டா ஆயுசு பூரா நானூத்தி எழுபது, யாரும் அசைக்க முடியாது. கயிறண்ணன்தான் ரொம்ப வற்புறுத்தினார், "ஒரே ஒரு பக்கம்தாம்மா, விட்டா குடி முழுகிடுமா?"ன்னு. எடைக்காரம்மாவுக்கு அது பிடிக்கல. "பாரமா இருக்கணும்னா நான் படிச்சேன்? அதுக்குக் கல்லைக் கட்டிக்கலாமே"ன்னு ஒரு வெள்ளிக்கிழமை மதியம், எல்லார் கண்ணு முன்னாலயும், அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிச்சு முடிச்சாங்க. உடம்பு எடை ஐம்பத்தெட்டு கிலோ திரும்பி வந்தது. புத்தகத்தை விலாசத்துகிட்ட குடுத்தாங்க. பலகையில தன் பேருக்கு நேரா இருந்த பெயிண்டைச் சுரண்டிட்டு ஒரு நிமிஷம் அந்தக் காலி இடத்தைப் பார்த்தாங்க. ஐம்பத்தெட்டோட விட்டிருந்தா ஒரு நிதானமாவாவது இருந்திருக்கும். ஆனா பைக்குள்ள கையை விட்டு அடுத்த புத்தகத்தை எடுத்து, பேரை எழுதி, பக்கம் ஒண்ணுன்னு போட்டாங்க. கால் தரையை விட்டு எழும்பிச்சு. கயிறண்ணன் ஓடிவந்து தூணோட ஒரு சுத்து சுத்தினார்.

மேனேஜர் அன்னிக்குத் தயாரா இருந்தார். ஆர்டர் அன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் செல்லும். வேன்ல அவங்க துணிப்பெட்டியையும் சேர்த்து நானூத்தி எட்டு கிலோ சரக்கு ஏத்தி நிறுத்தியிருந்தார். அவரே கயித்தை அவுத்தார். "மெதுவாப் பிடிங்க சார், காத்துல போயிடுவாங்க"ன்னார் கயிறண்ணன், குரல்ல கிண்டல் இல்லாம. மேனேஜர் எடைக்காரம்மாவை ஒரு கவரைத் தூக்கற மாதிரி ரெண்டு விரலால தூக்கிட்டுப் போய் வேன்ல உக்காத்தி, மேல பறக்காம இருக்க மடியில துணிப்பெட்டியை வெச்சார். அவங்க பெட்டி மேல புத்தகத்தை விரிச்சு வெச்சுக்கிட்டாங்க.

அப்ப கயிறண்ணன் வந்து வேன்ல ஏறினார். அறுநூத்திப் பதினொண்ணு. வேன் பின்னால உக்காந்துடுச்சு. விலாசம் ஏறினா. டிரைவர் முன்னூத்தி நாப்பது, ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு புத்தகத்தையும் பிரிச்சார்.

"நீங்கல்லாம் எங்க போறீங்க?"ன்னார் மேனேஜர்.

"வழியனுப்பப் போறோம். அரைநாள் லீவு எழுதியிருக்கு, இந்தாங்க"ன்னு கயிறண்ணன் தாளை நீட்டினார்.

"காரணம்னு போட்ட இடத்துல படிக்கணும்னு எழுதியிருக்கே?"

"ஆமா சார்"னா விலாசம், "படிக்கணும்."

இறங்கச் சொன்னார். யாரும் நிமிர்ந்தே பார்க்கல. கயிறண்ணனோட கையைப் பிடிச்சு இழுத்தார். கை வந்தது, ஆள் வரல. வாட்ச்மேன் எடையைப் பார்த்து, வேனோட எடையைக் கழிச்சுச் சத்தமாச் சொன்னார். ஆயிரத்து முன்னூத்தி தொண்ணூத்தி நாலு. "கூட்டினா ஆயிரத்து முன்னூத்தி தொண்ணூத்தொண்ணுதானே வருது?"ன்னு மேனேஜர் கேட்டார். எடைக்காரம்மா, "நான் நாலாம் பக்கம் வந்துட்டேன் சார்"னு சொல்லிட்டு, சீட்டுல அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க.

மேனேஜர் வேன் ஜன்னல் பக்கம் குனிஞ்சு, கொஞ்சம் தணிஞ்ச குரல்ல, எழுநூத்தம்பதுன்னு எழுதிடுங்கம்மா, மீதியை நான் பார்த்துக்கறேன்னார். கிடங்குல அவர் யார்கிட்டயும் அப்படிக் கேட்டதில்லை. எடைக்காரம்மா முதல் தடவையா புத்தகத்தை மூடினாங்க, பக்கத்துல விரலை வெச்சுக்கிட்டு.

"இருபத்திரெண்டு வருஷத்துல நான் ஒரு பொய் எடை போட்டதில்லை சார். இப்ப என்னையே வெச்சுப் போடச் சொல்றீங்களா?"

அதோட திரும்பப் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க. வேன் கேட்டுக்கு முன்னால நின்னுது. வாட்ச்மேன் அவர் கிட்ட இருந்த ஒரு சமையல் புத்தகத்தை எடுத்துட்டு வந்து நாற்காலியில உக்காந்தார், அவர் பலகையில எழுதறவர் கிடையாது, இருந்தாலும் நாற்காலி கிறீச்சுன்னுது. மூணு மணிக்கு எடைக்காரம்மா ஐம்பதைத் தாண்டினதும் பெட்டியை மடியில இருந்து இறக்கிவெச்சாங்க. அஞ்சு மணி அடிச்சப்ப அவங்க தொண்ணூத்தாறு. ஆர்டர் செத்துப்போச்சு. எல்லாரும் இறங்கி, டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போனாங்க.

தலைமை அலுவலகம் அதுக்கப்புறம் மூணு தடவை புது ஆர்டர் அனுப்பிச்சு. முதல் தடவை எடைக்காரம்மா ஐநூத்தி இருபது, ரெண்டாவது தடவை அறுநூத்தி எட்டு. மூணாவது தடவை அவங்க ரெண்டாம் பக்கத்துல இருந்தாங்க, மத்தவங்க யாரும் சொல்லாமயே வேன்ல ஏறி உக்காந்துக்கிட்டாங்க. ஒரு அதிகாரி வந்து ரெண்டு நாள் தங்கி எல்லாரையும் மேடையில ஏத்தி இறக்கிப் பார்த்துட்டு, கிடங்குத் தரைக்கு இன்னும் அரையடி கான்கிரீட் போடணும்னு மட்டும் எழுதிட்டுப் போனார். போட்டாங்க. மாற்றல் விண்ணப்பத்துல இப்பல்லாம் வயசு, கல்வித் தகுதிக்குக் கீழ, தற்போது படிக்கும் பக்கம்னு ஒரு கட்டம் அச்சடிச்சே வருது. வேற கிடங்குகள்லயும் அதை யாரும் ஏன்னு கேக்காம நிரப்பறாங்க.

நாலு வருஷம் கழிச்சு அந்த மேனேஜருக்கே மாற்றல் வந்தது. விதிப்படி கம்பெனி வேன்ல ஏறினார், எடைக்காரம்மா எடை போட்டாங்க. அவங்களுக்கு அவர் மேல கோவமெல்லாம் எப்பவோ தீர்ந்துபோயிருந்தது, ஜன்னல் வழியா ரெண்டு புத்தகம் கூட நீட்டிப் பார்த்தாங்க, போற வழியில பொழுது போகுமேன்னு. தலைவலி வரும்னு சொல்லிட்டார். சரின்னு சீட்டை எழுதினாங்க. மேனேஜர், எழுபத்தொரு கிலோ. கேட்டை உடனே திறந்துட்டாங்க.