மாலைக்குக் கீழே ஒரு சட்டை

1

இந்தக் கதை ஒரு விளையாட்டின் அடியில் கிடந்த பின்னூட்டங்களிலிருந்து வந்தது. அவற்றைத்தான் முதலில் வாசித்தேன், பிறகுதான் விளையாடினேன். கைபேசியில் விளையாடுவது, ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஒரு படம், கீழே நாலு வரி, அதற்கும் கீழே இரண்டு மூன்று தெரிவுகள். ஒன்றைத் தொட்டால் அடுத்த படம் வரும். பெயர் ‘தம்பியின் கை’. எழுதியவள் தேற்றாத்தீவு வதனி, களுவாஞ்சிகுடியில் கணினி வகுப்பு எடுப்பவள். படம் வரைந்தவள் காத்தான்குடி ஸாதியா.

கதையை இப்படித் தொடங்கினேன்: அன்று காலை கடல் வழக்கத்தைவிட அமைதியாக

வேண்டாம். கடல் அமைதியாக இருந்து தொடங்கும் கதைகள் நம்மிடம் போதும் போதும் என்னும் அளவுக்கு இருக்கின்றன. அந்த வரியை அழிக்காமல் விடுகிறேன், நான் வழுக்கிய இடம் தெரியட்டும்.

2

விளையாட்டில் நீங்கள்தான் அக்கா. 2004 மார்கழி, நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள். உங்கள் கைக்குள் தம்பியின் கை. பின்னால் கடல் எழும்பி வருகிறது. கோயிலுக்கு ஓடுவதா, றோட்டுக்கு ஓடுவதா, வாவிக்கு ஓடுவதா? முதல் இரண்டையும் தொட்டால் கை நழுவிவிடும், திரும்பவும் தொடங்கவேண்டும். வாவிப் பக்கம் ஓடினால் கரையில் ஒரு தோணி நிற்கும். தம்பியைத் தூக்கி அதில் போட்டுவிடலாம். வதனி தன் தம்பி உதயரூபனை அப்படித்தான் காப்பாற்றினாள். விளையாடுபவர் வெல்லக்கூடிய பகுதி அது ஒன்றுதான்.

இரண்டாம் பகுதி மூன்று வருடம் கழித்து. இருட்டத் தொடங்கும் மைம்மல் பொழுது, வாசல் படலையடியில் ஆட்கள். (யார் என்று வதனி எழுதவில்லை, நானும் எழுதப்போவதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். எழுதாததற்குக் காரணமும் அதுதான்.) தம்பியை வட்டையில் உள்ள வயல்காவல் குடிசையில் ஒளிக்கலாம், காத்தான்குடிக்கு ஸாதியா வீட்டுக்கு அனுப்பலாம், வீட்டில் இல்லை என்று சொல்லலாம். எதைத் தொட்டாலும் அடுத்த படம் ஒன்றே: படலையடியில் ஒற்றைச் செருப்பு. அதற்கடுத்து 2009 வைகாசி. வன்னியிலிருந்து தப்பி வந்த ஒருவர், சனத்துக்குள் அவனைத் தூரத்தில் கண்டதாகச் சொல்கிறார். பிறகு கறுப்புத் திரை. ‘தம்பி இன்னும் வரவில்லை. மீண்டும் தொடங்கு.’

3

பின்னூட்டங்களில் படங்கள் நல்ல வடிவு என்றார்கள். எழுத்துப்பிழை பிடித்தார்கள். ‘இரண்டாம் பகுதியில் எதை அமத்தினாலும் ஒரே இடத்துக்குத்தான் போகுது, பிழை ஏதும் இருக்கோ?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். பிழை இல்லை, அது அப்படித்தான் என்று வதனி பதில் எழுதினாள்.

மற்றவர்கள் கேட்டது முடிவை. முடிவு எங்கே? பாதியில் விட்டது போல இருக்கு. இரண்டு நட்சத்திரம். முதலில் வதனிக்குக் கோபம் வந்தது. பிறகு, இவர்கள் கேட்பதும் நியாயம்தானே என்று பட்டது. உண்மையில் அவளும் களைத்துப்போயிருந்தாள். அவளுக்கும் ஒரு முடிவு வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தால்தான் செத்தவர் செத்தவர். உதயரூபனுக்கு அது செய்யவில்லை. அம்மா இராசாத்தி செய்யவிடவில்லை. செய்தால் அவன் இல்லை என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். வீட்டில் செய்யாததை வதனி விளையாட்டில் செய்தாள். தலைவாழை இலை, படையல், சட்டம் போட்ட தம்பியின் படம், அதில் மாலை. படம்தானே என்று தன்னைச் சமாளித்துக்கொண்டாள்.

ஸாதியா வரையத் தயங்கினாள். “ஒங்கட அம்மா பாத்தா?” என்று கேட்டாள்.

அம்மா பார்க்கமாட்டா என்றாள் வதனி. அது பொய்யில்லை. இராசாத்தி பின்னேரங்களில் மகளின் கைபேசியை வாங்கி முதல் பகுதியை மட்டும் விளையாடுவாள். மகன் தோணியில் ஏறியதும் திருப்பிக் கொடுத்துவிடுவாள். படலையடிக்கு ஒருநாளும் போனதில்லை.

(ஸாதியாவை எடுத்துவிடலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். இப்படியான கதைகளில் காத்தான்குடி முஸ்லிம் தோழி வந்தால் கடைசியில் இருவரும் கட்டிப்பிடித்து அழவேண்டியிருக்கும். அந்த ஆபத்து இங்கே இல்லை. அவள் வரையாவிட்டால் இந்தக் கதையே இல்லை, அதனால் இருக்கட்டும்.)

4

புதிய முடிவுக்குப் பாராட்டு வந்து குவிந்தது. ‘இப்பதான் கதை நிறைவு. அழுதிட்டன். ஐந்து நட்சத்திரம்.’ குசினிக்குள் அடுப்படியில் நின்று வதனி அதை ஸாதியாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினாள். முடிவு எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம் என்று சிரித்தாள். கூடத்தில் இராசாத்தி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் அவள் கைபேசியை நெடுநேரம் திருப்பிக் கொடுக்கவில்லை.

இந்த இடத்துக்கு மூன்று விதமாக எழுதிப்பார்த்தேன். ஒன்றில் அவள் கைபேசியை வாவியில் எறிகிறாள். இராசாத்தி எதையும் எறிகிற ஆள் இல்லை. இன்னொன்றில் மயங்கி விழுகிறாள். அது எனக்கு வசதி, அவளுக்கு அநியாயம். மூன்றாவதில் அவள் கடைசியில் மனம் ஆறி

அதை முடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் கண்ணாடித் திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். வதனி வந்து பக்கத்தில் நின்றபோதுதான் பேசினாள்.

“எல்லாருக்கும் பிடிச்ச முடிவு எண்டா, அவன் வந்திருப்பான் எண்டு நினைச்சன், புள்ள.”

வதனி அம்மாவின் பக்கத்தில் குந்தினாள்.

“மாலையக் கழட்டு,” என்றாள் இராசாத்தி.

5

மாலையை எடுக்கலாம், ஆனால் அதற்குக் கீழே நான் ஒன்றும் வரையவில்லையே என்றாள் ஸாதியா. மறையப்போகிற நெஞ்சுக்கு எதற்கு என்று வெறுமையாக விட்டிருந்தாள். வீட்டிலிருந்த போட்டோக்களைக் கடல் கொண்டுபோய்விட்டது, பார்த்து வரையவும் ஒன்றுமில்லை. கடைசியாக என்ன சட்டை போட்டிருந்தான்?

பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை என்றாள் வதனி. அவளுக்கு அது நன்றாக நினைவிருந்தது.

“வெள்ளையில்ல,” என்றாள் இராசாத்தி. “சுனாமி நிவாரணத்தில வந்த நீலச் சட்டை. மூணு வருஷமாகியும் அவனுக்குப் பெரிசுதான். கை ரெண்டையும் நான்தான் மடிச்சி விட்டன். சட்டமும் வேணாம், அதையும் எடுக்கச் சொல்லு.”

இப்போது கடைசிப் படத்தில் இலை இல்லை, படையல் இல்லை. பெரிய நீலச் சட்டையோடு ஒருவன் நிற்கிறான், கைகள் இரண்டும் மடித்துவிட்டபடி. கீழே வரிகள் இல்லை. வதனிக்கு எழுத வரவில்லை. மீண்டும் தொடங்கும் பட்டனையும் எடுத்துவிட்டாள்.

புதிதாக ஒரு பின்னூட்டம் கிடக்கிறது: ‘முந்தி நல்ல முடிவு ஒண்டு இருந்தது. ஏன் எடுத்தீங்க? ஒரு நட்சத்திரம்.’ வதனி இன்னும் பதில் எழுதவில்லை.

இராசாத்தி இப்போது கடைசிவரை போகிறாள். படலையடியையும் கடந்து போகிறாள். அந்தப் படத்தில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். திரை மங்கத் தொடங்கினால் விரலால் ஒருதரம் தொடுவாள், வெளிச்சம் திரும்பும். மறுபடி மங்கும், மறுபடி தொடுவாள்.

நீங்களும் முடிவு கேட்பீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும் முன் அதை இராசாத்திக்கு ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள்.