அவள் முன்பே சொன்னது

அறையில் ஐந்து பேர் இருந்தோம். மேசைக்குப் பின்னால் குழந்தைகள் மருத்துவர். அவருக்கு இடப்புறம், மடிக்கணினியை மடியில் வைத்தபடி, நோயை முன்னறியும் ஒரு கருவியை உருவாக்கும் பெண். எதிரே நானும் என் மனைவியும். நாற்காலி போதாததால் என் மைத்துனன் கோப்பு அலமாரியில் சாய்ந்து நின்றான்.

குறைமாதத்தில் பிறந்த எங்கள் மகள், இரத்தத்தில் கிருமி பரவி, இரண்டாம் வாரத்திலேயே போய்விட்டாள். அவளுடைய இதயத்துடிப்பின் பதிவு மருத்துவமனையில் இருந்தது. இப்படிப்பட்ட பழைய பதிவுகளைக் காட்டிக் காட்டி, நோய் வெளியே தெரியுமுன் எச்சரிக்கும்படி ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பழக்குகிறார்கள். அதற்கு எங்கள் சம்மதம் வேண்டும்.

"கம்ப்யூட்டருக்குத் தீனி போடவா பெத்தேன்? முடியாது" என்று மனைவி எழுந்துகொண்டாள்.

அந்தப் பெண் வற்புறுத்தவில்லை. "பாத்துட்டாவது போங்கக்கா" என்று திரையைத் திருப்பினாள். ஏறி இறங்கி ஓடிய கோடு ஓரிடத்தில் தட்டையாகி, அதன்பின் பள்ளம் பள்ளமாக விழுந்திருந்தது.

"இது எப்போ?" என்று நின்றபடியே கேட்டாள் மனைவி.

"கிருமி பரவ ஆரம்பிச்சதோட அடையாளம்க்கா. டாக்டர் கண்டுபிடிச்சதுக்கு முந்தின நாள் காலையில."

"அப்போ நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். அவ நல்லாத் தூங்குறான்னு நெனச்சேனே."

இத்தனை மாதம் என்னிடம்கூடச் சொல்லாமல் அவளை அரித்தது இதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் அன்னிக்குப் பாத்தேம்மா. கண்ணுக்கு எதுவுமே தெரியல."

மனைவி மறுபடி உட்கார்ந்து, அந்தக் கோட்டின் மேல் விரலை மெல்ல ஓட்டினாள். "அப்போ, அவ சொல்லியிருக்கா."

"பின்ன? உம்பொண்ணு வாய மூடிக்கிட்டு இருப்பாளாக்கா?" என்றான் மைத்துனன்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

படிவமே போதும் என்றார்கள். முறையாக ஒரு கடிதமும் அனுப்புகிறேன் என்றேன். "மாமா ஆரம்பிச்சுட்டாரு" என்றான் மைத்துனன்.

வீட்டில் அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எழுதி முடித்து அவளைக் கூப்பிட்டேன். கருவிக்குக் கொடுக்கும் பதிவில் குழந்தையின் பெயர் வராது, ஓர் எண்தான் இருக்கும் என்று நினைவுபடுத்தினேன்.

"நம்பரே இருக்கட்டும். மொத வரியில, 'எங்கள் மகள் முன்பே சொன்னாள். இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்காக அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்'னு எழுதுங்க."

எழுதினேன். 'எங்கள் மகள்' என்பதற்கு அடிக்கோடு இடச் சொன்னாள். இட்டேன். உறையை நான் ஒட்டியதும் வாங்கி, ஓரத்தை ஒருமுறை கட்டைவிரலால் அழுத்தினாள்.

"நானே போடுறேன்."

முகவரி வெளியே தெரியும்படி உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தெருவின் நடுவே நடந்தாள். தபால் பெட்டிக்குள் அது விழும் சத்தம் கேட்ட பிறகே கையை வெளியே எடுத்தாள்.