நண்டுக்கு இல்லாத மார்க்கு

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு வந்தால், கோட்டைக்குப்பத்துப் பெற்றோர் பள்ளிக்கூடத்துக்கு நண்டும் இறாலும் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். மார்க்குப் போட வெளியூரிலிருந்து வருகிறவர் வெறுங்கையோடு திரும்பக்கூடாதாம். ஜெயம்மாவும் மூத்த மகனுக்குக் கொடுத்தவள்தான். இந்த வருடம் மகள் திவ்யாவுக்காக, விற்காமல் நிறுத்திவைத்த ஆறு பெரிய நண்டுகளைக் கூடையில் எடுத்துப்போனாள்.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த வேதியியல் ஆசிரியர் ஆதிகேசவன் கூடையைத் தொடவில்லை.

"எடுத்துட்டுப் போங்கம்மா. இனிமே வாங்கறதில்ல."

ஜெயம்மா கூடையை இன்னும் முன்னால் நகர்த்தினாள்.

"சின்னதா கீதா சார்? நாளைக்கு இறாலும் சேத்து எடுத்தாறேன். எம் பொண்ணு மார்க்குல மட்டும் கைய வெச்சிடாதீங்க."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "வேணாம்னு சொன்னா எல்லாருமே பயப்படறீங்க. ஹெட்மாஸ்டரும் வழக்கத்த ஏன் கெடுக்கறீங்கன்றாரு. நான் இன்னாதாம்மா செய்யறது? உள்ள வாங்க, உங்க பொண்ணப் பாருங்க."

ஆய்வகத்துக்குள் திவ்யா கண்ணாடிக் குழாயிலிருந்து ஊதா நிறத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடுவையில் விட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று குடுவை இளஞ்சிவப்பானது. சட்டென நிறுத்தினாள்.

"இன்னொரு சொட்டு வுட்டா தப்பாயிடும்மா."

"தெனம் சாயங்காலம் நின்னு பழகறா," என்றார் ஆதிகேசவன். "மார்க்கு இதுக்குத்தான்."

மூத்தவன் வாங்கிய மார்க்கு அவனுடையதா, தான் கொடுத்த இறாலுடையதா என்று ஜெயம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே தெருவுக்குப் போனாள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, யாரும் எதுவும் கொடுக்க வேண்டாமென்று சொன்னாள்.

தேர்வன்று காலையில், திவ்யாவோடு படிக்கும் பையனின் அப்பா ஜான்சன் இறால் பையோடு பள்ளி வாசலுக்கு வந்தார். அங்கே ஜெயம்மாவோடு சேர்த்து ஒன்பது பெண்கள் நின்றிருந்தார்கள்.

"நான் குடுக்காம வேற எவனாவது குடுத்துட்டா எம் பையன் கதி இன்னா ஆவறது?"

"யாரும் குடுக்கலண்ணே," என்றாள் ஜெயம்மா. "விடிஞ்சதுலேந்து நாங்க இங்கதான் நிக்கறோம். நம்பலன்னா நீயும் நில்லு."

ஜான்சன் பெண்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு பையை வண்டியில் மாட்டிவிட்டு வந்து அவரும் நின்றார்.

மதியம் வெளியே வந்த தேர்வாளர், வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறினார். அவர் கோபத்தில் மார்க்கைக் குறைத்துவிடுவாரோ என்று அன்றிரவெல்லாம் ஜெயம்மா விழித்திருந்தாள்.

மே மாதம் மார்க்கு வந்தது. செய்முறையில் திவ்யாவுக்கு இரண்டு குறைந்திருந்தது.

"ரெண்டு எங்கடி போச்சு?"

"குடுத்த உப்பு இன்னதுன்னு கண்டுபுடிக்கறதுல தப்பு பண்ட்டேன்மா."

ஜெயம்மா சிரித்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்குப் போய், முதலில் அந்தத் தப்பைத்தான் சொன்னாள்.