மேல்குரல் இல்லாத பாட்டு

பிளகைன் என்பது ஊர்க்காரர்களே கோஷ்டியாகவும் தனியாகவும் எழுந்து பாடுகிற கிறிஸ்துமஸ் ஆராதனை; அதில் ஒரு பாட்டை ஒருமுறைதான் பாடலாம். ஒருவர் பாடிவிட்டால் அன்று மாலை அதை வேறு யாரும் தொடக்கூடாது. பட்டியல் கிடையாது, பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கிடையாது. முந்தி எழுகிறவருக்கே பாட்டு. கைதட்டலும் இல்லை. தட்டுகிறவர் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும்.

அதனால்தான் மெரெரிட் முன் வரிசையில் இடம் பிடித்திருந்தாள். அம்மாவின் பாட்டை அவள் பாடியே ஆக வேண்டும். நாற்பது வருஷமாக அதில் மெட்டைச் சுமக்கிற மேல்குரல் அம்மாவுடையது, அதற்கு அடியில் துணையாக ஓடுகிற கீழ்க்குரல் தம்பி டில்வினுடையது. போன மார்ச்சில் அம்மா போய்விட்டாள். ஆடுகள் குட்டி போடுகிற நேரம். மூன்று முறை போன் செய்தும் டில்வின் கொட்டகையை விட்டு நகரவில்லை. அவன் வந்து சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாம் முடிந்திருந்தது. "உனக்கு ஆட்டுக்குட்டிதான்டா பெருசு" என்று அடக்கத்தன்று ஊர் பார்க்கக் கேட்டுவிட்டாள். பேச்சு அன்றோடு நின்றது.

முதல் கோஷ்டி பாடி முடித்து இறங்கியது. மெரெரிட் எழுவதற்குள் மகள் நெஸ்டா கையைப் பிடித்தாள்.

"அம்மா, மாமா எழுந்துட்டாரு."

டில்வின் தனியாகத்தான் போனான். சுருதி பிடிக்கிற இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டான். மெரெரிட் மகளின் கையை உதறினாள். செத்தவளைப் பார்க்க நேரமில்லாதவனுக்கு அவள் பாட்டு மட்டும் வேண்டுமாம்!

அவன் பாட ஆரம்பித்தான். வார்த்தைகள் அம்மாவின் பாட்டுதான். ஆனால் மெட்டு எங்கும் போகாமல் இரண்டு மூன்று சுரங்களுக்குள்ளேயே உருண்டுகொண்டிருந்தது. பின் வரிசையில் கைன்வென் கிசுகிசுத்தாள்.

"ஐயோ பாவம், ராகமே மறந்துபோச்சா இவனுக்கு?"

"ஆடுங்க கத்தறதக் கேட்டுக் கேட்டு காது போயிருக்கும்" என்றார் அவள் புருஷன்.

மெரெரிட்டுக்குத்தான் புரிந்தது. அவன் எதையும் மறக்கவில்லை. கீழ்க்குரலை மட்டும் பாடுகிறான். மேல்குரலைத் தொடவே இல்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று முதல் சரணம் முழுவதையும் அப்படியே பாடி முடித்தான். அவளுக்கு இன்னும் கோபம் போகவில்லை. போகாத கோபத்தோடுதான் எழுந்து போனாள். அவனுக்கு இடப்பக்கம் நின்று, இரண்டாவது சரணத்தில் மேல்குரலை எடுத்தாள்.

பின் வரிசை வாயை மூடிக்கொண்டது.

கடைசிச் சரணத்தில் டில்வினின் குரல் உடைந்தது. அவள் நிறுத்தாமல் பாட்டைக் கரை சேர்த்தாள். அடுத்த கோஷ்டி எழுந்து வருகிற சந்தடியில் அவன் தலை நிமிராமல் கேட்டான்.

"அக்கா... அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?"

ஒன்பது மாதமாக அவள் வேண்டுமென்றே அவனிடம் சொல்லாமல் வைத்திருந்தது அது ஒன்றைத்தான்.

"வாசக் கதவு காத்துல அடிச்சுது. நீ வந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டாங்கடா. 'ஈர பூட்ஸக் கழட்டிட்டு உள்ள வா டில்வின்'னு சொன்னாங்க. அதுக்கப்புறம் பேசல."