பிரேக் மாஸ்டர்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர் அவர். யாருடைய காரில் ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாலும், இல்லாத பிரேக்கை அவர் கால் தானாக மிதிக்கும். கூடவே வாயும் ஓடும். மகள் ஓட்டும்போது கேட்கவே வேண்டாம். "உனக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது? அவனக் கூட்டிட்டு வா, பாக்கணும்" என்பார். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். பிரேக் மாஸ்டர் என்ற பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை.

வயதானதும் அவருக்கு நினைவு தடுமாற ஆரம்பித்தது. ஒருநாள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அவர் பாட்டுக்குத் தெருவில் இறங்கி நடந்துவிட்டார். வேலைக்கும் போய்க்கொண்டு அவரையும் பார்த்துக்கொள்ள ஒற்றை ஆளாக முடியாமல், மகள் அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். ஆரம்பத்தில் தினமும் புகார் வந்தது. கத்துகிறாராம், சண்டைக்கு வருகிறாராம். அவளும் போனில், "அப்பா, அவங்க சொல்றதக் கேட்டு நடங்கப்பா. எனக்காகப்பா" என்று கெஞ்சினாள்.

பிறகு புகார் நின்றது. "இப்ப உங்க அப்பா தங்கமான மனுஷன். இருக்கிற இடமே தெரியல" என்றாள் மேலாளர் அம்மா. மகளுக்கு அப்பாடா என்றிருந்தது. இருக்கிற இடம் தெரியாத அப்பாவை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததேயில்லை. அது அப்போது உறைக்கவில்லை, பாவம்.

போன் செய்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது இல்லத்தின் சட்டம். அன்று வேலை சீக்கிரம் முடிந்ததால் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். அறைக்குள் மூத்திர வாடை குப்பென்று அடித்தது. அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. கலைந்த முடியை ஒதுக்கிவிடலாமென்று அவள் கையைத் தூக்கியதும், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்பா, நான்தாம்பா."

விரல்களை விலக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கட்டுமா, மேடம்?"

தண்ணீர் பாட்டில் எட்டாத உயரத்தில், அலமாரி மேல் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பழைய தபால்காரர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தண்ணி குடுத்தா படுக்கைய நனைச்சிருவாராம், அதனால குடுக்க மாட்டாங்க. அடம்புடிச்சா கையப் புடிச்சு முறுக்குவாங்க. உங்கிட்ட போன்ல பேசும்போதும் பக்கத்துல ஒருத்தன் நிப்பாம்மா."

மகள் பாட்டிலை எடுத்து அப்பாவின் வாயில் வைத்தாள். அவர் குடித்த வேகத்தில் பாதி சட்டையில் வழிந்தது. சட்டையைக் கழற்றினாள். தோளுக்குக் கீழே கன்றிப்போன விரல் தடங்கள். இடுப்பில் மருந்தே காணாத படுக்கைப் புண். வாய்விட்டு அலற வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்தாள்.

மேலாளர் அம்மா ஓடி வந்தாள். "விழுந்துட்டாரும்மா. வயசானவங்க, தோல் மெல்லிசு."

"விழுந்தா வெரல் வெரலாவா பதியும்?"

மேலாளர் அம்மாவின் முன்னாலேயே நின்று மகள் முதியோர் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். இல்லத்தின் பேர், விலாசம், கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, எல்லாவற்றையும் சொன்னாள். இன்றே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். காயங்களுக்கு மருத்துவர் சான்று வாங்கச் சொன்னார்கள்.

அப்பாவைக் கைத்தாங்கலாகக் கிளப்பியபோது தபால்காரர் தன் சட்டையைத் தூக்கிக் காட்டினார். "என்னையும் ஒரு போட்டோ எடும்மா. எனக்குன்னு வர ஆளில்ல."

எடுத்தாள். "இன்னைக்கு அதிகாரிங்க வருவாங்க ஐயா. அவங்க வந்தாலும் வராட்டியும் நான் வருவேன்." அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், காரில் அப்பா பக்கத்து இருக்கையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிக்னலில் சடக்கென்று நிறுத்தினாள். கால் அசையவில்லை. ஆளில்லாத வளைவு ஒன்றில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்காமல் திருப்பினாள். அப்போதும் அந்தக் கால் வைத்த இடத்திலேயே இருந்தது.

"தப்பா ஓட்டறேன்ப்பா. திட்டுங்கப்பா."

அவர் பயந்துபோய் அவளைப் பார்த்தார். அவசரமாகச் சிரித்தார்.

"நல்லா ஓட்டறீங்க, மேடம்."