அட்டவணையில் கொள்ளு இல்லை

கொல்லங்கோட்டிலிருந்து தமிழ்நாட்டு எல்லைக்குப் போகிற ரோட்டை ரோடு என்று நினைப்பவர்கள் பஸ் டிரைவர்கள் மட்டும்தான். இரண்டு பக்கமும் காடு கழனி வைத்திருப்பவர்களுக்கு அது சர்க்கார் போட்டுக் கொடுத்த களம். தை மாதம் கொள்ளுச் செடியைப் பிடுங்கிக் கொடியோடு கொண்டுவந்து தாரில் விரித்துவிட்டால், போகிற வருகிற வண்டியெல்லாம் கூலி கேட்காமல் மிதித்துக் கொடுக்கும். சாயங்காலம் உதறிக் கூட்டினால் வீட்டுக்குக் கொள்ளு, மாட்டுக்குப் பொட்டுச் சக்கை. இதில் தப்பு இருப்பதாக அந்த ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை.

யோகப்பிரியாவுக்கும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் அவள் மோட்டார் வாகன உதவி ஆய்வாளர். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவள் அப்பா காளிச்சாமி, தோட்டத்துக்கு முன்னால் வளைவு முடிகிற இடத்தில் கொள்ளுக்கொடியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டையில் ஸ்கூட்டரில் வந்தவள் அதைச் சுற்றிக்கொண்டு ஓரமாக ஓட்டி, "சாப்பிட்டுப்போட்டு வேலையப் பாருங்கப்பா" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டாள். வேறு யாராவது பரப்பியிருந்தால் இறங்கி நாலு வார்த்தை கேட்டிருப்பாளோ என்னவோ. அப்பா பரப்பினால் அது வெறும் கொள்ளு.

பதினோரு மணிக்கு ஷைஜு என்கிற இருபத்துநாலு வயதுப் பையன் பைக்கில் அந்த வளைவைத் திரும்பினான். எதிரே தேவிகுளத்திலிருந்து தேயிலைப் பாரம் ஏற்றி வந்த லாரி. பையன் பிரேக் பிடித்தான், பைக் நிற்காமல் சறுக்கிப் போய் லாரியின் முன்சக்கரத்தில் மோதியது. காளிச்சாமிதான் முதலில் ஓடிப்போய் அவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

மூன்றாம் நாள் அந்தக் கேஸ் கட்டு யோகப்பிரியாவின் மேசைக்கு வந்தது. இரண்டு வண்டிகளையும் பார்த்து, விபத்து எப்படி நடந்தது என்று அறிக்கை எழுத வேண்டும். அந்த ஆபீசில் இதற்கென்று பயிற்சிக்குப் போய் வந்தவள் அவள் ஒருத்திதான். போய் வந்ததோடு விடாமல், சாலை விபத்தை அளந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது பற்றி மூன்று தடித்தடியான ஆங்கிலப் புத்தகங்களையும் தேடி வாங்கி வைத்திருந்தாள். வீட்டில் டிவிக்குப் பக்கத்தில்தான் அவை இருக்கும். வருகிறவர்களிடம் எல்லாம் காளிச்சாமி அவற்றைக் காட்டிப் பீற்றிக்கொள்வார். "எந்த வண்டி மேல தப்புன்னு இதுக்குள்ள பாத்தாப் போதுமுங்க, புட்டுப் புட்டு வெச்சுரும். எங்க அம்முணி மனப்பாடமாப் படிச்சிருக்குது." அவர் அதில் ஒரு பக்கத்தைக் கூடப் புரட்டியதில்லை.

கேஸ் கட்டில் இரண்டாவது தாள், சாட்சியின் வாக்குமூலம். 'லாரி அதிவேகமாக வந்து பைக் மீது மோதியதை நேரில் பார்த்தேன். ரோட்டில் தடை எதுவும் இல்லை.' கீழே கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. எட்டாம் வகுப்பு வரை அவளுடைய ரிப்போர்ட் கார்டில் பார்த்த அதே கையெழுத்து.

அந்தத் தாளை மேலதிகாரி ஜின்சன் சாரிடம் எடுத்துக்கொண்டு போனாள்.

"சாட்சி எங்கப்பா சார்."

"அதுக்கென்ன, நேரில் கண்ட ஆளாச்சே. பின்ன வேலை எளுப்பம்தானே? வண்டியை மட்டும் பாத்து எழுதிக் கொடு. திங்கக்கிழமை ஸ்டேஷன்ல கேப்பாங்க" என்றார் அவர், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்தடியில் பைக் கிடந்தது. முதலில் டயரின் பள்ளங்களைப் பார் என்று சொல்கிறது புத்தகம். ரோட்டைக் கழுவி விடலாம், கூட்டி விடலாம், டயரை யாரும் கூட்ட மாட்டார்கள். பின் டயரின் பள்ளத்தில் பொட்டு அடைந்து இறுகிக் கிடந்தது. குச்சியால் நெம்பினாள். அதோடு ஒரு முழுக்கொள்ளும் உதிர்ந்து விழுந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு இரண்டையும் காகித உறையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தாள். அதிகாரியாக எடுத்தாளா, மகளாக எடுத்தாளா?

லாரியின் பிரேக் சுத்தமாக வேலை செய்தது. ரோட்டில் அது இழுத்த கோட்டின் நீளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வேகம் முப்பத்தெட்டு. அதற்கு மேல் ஒரு துளி கூட இல்லை. லாரி தன் பக்கத்திலேயேதான் வந்திருக்கிறது.

சாயங்காலம் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும்போது போய் நின்றாள்.

"ஏனுங்கப்பா, அன்னைக்கு ரோட்டுல கொள்ளு கெடந்துதுங்களா?"

"பத்து மணிக்கே கூட்டி அள்ளிட்டேனே" என்றார் அவர், மாட்டைப் பார்த்துக்கொண்டே.

"பத்து மணிக்குங்களா?"

"நீ என்ன, போலீஸ்காரனாட்டக் கேக்கறே? அந்த லாரிக்காரன் கண்ணு மண்ணு தெரியாம வந்தான். மலையில ஓட்டறவனுக்கு இங்க வந்தா ரோடு காலியாத் தெரியுது."

சமையல்கட்டிலிருந்து அம்மா மருதாத்தாள் எட்டிப் பார்த்தாள். "அவருக்கு ரெண்டு நாளாச் சோறு எறங்கறதில்ல. விடு கண்ணு" என்றாள். அந்த வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்பது மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது.

கேஸ் கட்டை வேறு ஆளிடம் தள்ளிவிடலாமா என்று யோசித்தாள். வேறு ஆள் சாட்சியின் பேச்சை நம்பி லாரி மேல்தான் தப்பு என்று இரண்டு வரியில் எழுதி முடித்துவிடுவான். காரணம் சொல்லி ஒதுங்கலாமா? காரணத்தைச் சொன்னாலே அப்பா மாட்டிக்கொள்வார், போலீஸ் வருவதற்குள் கூட்டி மறைத்ததற்கும் பொய் சாட்சி சொன்னதற்கும் சேர்த்து. டிவிக்குப் பக்கத்திலிருந்த அந்த மூன்று புத்தகங்களைப் பார்த்தாலே அவளுக்கு எரிச்சலாக வந்தது. இவற்றைப் படிக்காமல் இருந்திருந்தால் டயரைப் பார்த்திருக்க மாட்டாள். பார்க்காதவளுக்கு என்ன கஷ்டம்?

சனிக்கிழமை ஆபீஸ் வராந்தாவில் ஒரு பெண் அவளுக்காகக் காத்திருந்தாள். முந்தின நாளே மலையிலிருந்து புறப்பட்டு மூன்று பஸ் மாறி வந்தவள். லாரி டிரைவர் ராஜசேகரின் மனைவி, பெயர் இந்து. தேவிகுளத்துப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். இலைக்கறை படிந்த விரல்களைச் சேலைத் தலைப்பில் ஒளித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், எங்க வீட்டுக்காரருக்கு ஊர்க்காரங்க அடிச்சதுல கை ஒடிஞ்சு கெடக்கு. அது ஆறிரும். அவுகளுக்கு வேற தொழில் தெரியாது. லைசென்ஸ முடக்கி உள்ளயும் தூக்கி வச்சிட்டா, நான் ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு அந்த எஸ்டேட்டு லயத்து வீட்டுல என்ன செய்வேன்?"

"அவரு என்ன சொல்றாரு?"

"ரோட்டுல கொடியா என்னமோ பரப்பிக் கெடந்துச்சுன்னு சொல்லுதாக. போலீஸு, அப்படி ஒண்ணும் இல்லைனு ஊருப் பெரியவரே கையெழுத்துப் போட்டிருக்காருன்னுட்டாக. எங்க ஆளு வெளியூர்க்காரரு, யாரு நம்புவா?" அவள் சற்றுத் தயங்கினாள். "இந்த ஆபீசுல ஒரு மேடம் பெரிய பெரிய புக்கு வச்சிருக்காக, அதுல போட்டுப் பாத்தா நடந்தது அப்படியே தெரியும்னு வெளிய டீக்கடைல சொன்னாக. பாத்துட்டீகளா மேடம்?"

"பாத்துட்டிருக்கேன்" என்றாள் யோகப்பிரியா. தோளில் மாட்டியிருந்த கைப்பையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல், தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள், பத்து நிமிஷம் கழித்துத்தான் டம்ளரோடு வந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைப் பிரித்தாள். உராய்வு அட்டவணை ஒரு பக்கம் முழுக்க இருந்தது. காய்ந்த தார், நனைந்த தார், மணல், சரளை, உறைபனி, ஐஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். வழுக்க வழுக்க எண் குறையும், எண் குறையக் குறைய வண்டி நிற்க அதிக தூரம் வேண்டும். ஐஸுக்கே மூன்று வகை போட்டிருந்தார்கள். கொள்ளுக்கு எண் இல்லை. எழுதியவர்களுக்குக் கொள்ளைப் பற்றி என்ன தெரியும்? அட்டவணையில் இல்லாவிட்டால் நீயே சோதித்துக் கண்டுபிடி என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

அதைப் படித்ததும் அவளுக்கு ஒரு ஆசை வந்தது. கொள்ளு அவ்வளவாக வழுக்காதென்றால்? வளைவிலிருந்து மோதிய இடம் பதினெட்டு மீட்டர். வளைவுக்கு முன்னாலிருந்த கடையின் கேமராப்படி பைக்கின் வேகம் நாற்பது. வெறும் தாரில் ஒன்பது மீட்டரில் நின்றுவிடும். கொள்ளின் மேல் பதினெட்டுக்குள் நின்றுவிடும் என்று கணக்கு வந்தால், பையன் தாமதமாகப் பிரேக் பிடித்தான் என்று எழுதலாம். லாரிக்காரன் பிழைப்பான், அப்பாவும் பிழைப்பார். செத்தவன் வந்து கேட்கப் போவதில்லை. இப்படி நினைத்ததற்காக அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், பழைய டயர்த் துண்டுக்குள் சிமெண்ட் ஊற்றி ஆபீசில் செய்து வைத்திருந்த பதினைந்து கிலோ கட்டையையும் ஒரு ஸ்பிரிங் தராசையும் ரோட்டுக்கு எடுத்துப் போனாள். கட்டையைத் தாரில் வைத்துத் தராசோடு சேர்த்து இழுத்தால், எத்தனை கிலோ இழுவையில் நகர்கிறது என்று முள் காட்டும். வண்டிகளை நிறுத்த மருதாத்தாள் வளைவில் சிவப்புத் துண்டோடு நின்றாள். இழுக்க ஒரு ஆள் வேண்டும்.

"ஒரு சோதனைங்கப்பா. கொஞ்சம் கொள்ளுக்கொடி வேணும். இழுக்கறதுக்கு நீங்களும் வரோணும்" என்றாள்.

எதற்கு என்று காளிச்சாமி கேட்கவில்லை. களஞ்சியத்துக்குப் பக்கத்தில் இன்னும் மிதிபடாமல் கிடந்த போரிலிருந்து ஒரு கட்டுக் கொண்டுவந்து போட்டார்.

முதலில் வெறும் தார். முள் பத்தரையில் நின்றது. புத்தகத்தில் இருப்பது போலவே வந்தது. பிறகு யோகப்பிரியா கொடியைத் தன் கையாலேயே விரித்தாள். கை தானாகக் கஞ்சத்தனம் பண்ணியதா என்று அவளுக்கே தெரியாது. காளிச்சாமி கயிற்றைப் பிடித்து இழுத்தார். முள் ஏழு.

ரோட்டோரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பதின்மூன்று மீட்டர் சொச்சம். பதினெட்டுக்குள் நின்றுவிடும். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது மாதிரி இருந்தது. கண்கூடத் துளிர்த்துவிட்டது. ஏழு என்று நோட்டில் எழுதினாள்.

நிமிர்ந்து பார்த்தபோது அப்பா குனிந்து, அவள் விரித்த கொடியைக் காலால் நீவிக்கொண்டிருந்தார். அரைகுறையாக ஒரு வேலையைப் பார்த்தால் அவருக்கு எப்போதுமே பொறுக்காது.

"இதென்ன அம்முணி, கோழிக்குத் தீனி போட்டாப்பல? இப்பிடிப் போட்டா வண்டி மிதிச்சுத் தாரோட நசுங்கிப் போயிரும். அன்னைக்கு இத்தன மெல்லிசா இல்ல."

அவர் கொள்ளுப் போருக்குப் போய் இன்னும் இரண்டு கட்டுக் கொண்டுவந்தார். தோளிலிருந்து சரித்து, கவைக்கோலால் உதறி, ஒரே சீராக விரித்தார். கணுக்கால் மறைகிற அளவுக்கு வந்தது.

"ஆள் கெடைக்கல. ரெண்டு நாளைக்குப் போடறத ஒரே நாள்ல போட்டேன். இந்த மட்டும் இருந்துது" என்று கையால் காட்டினார்.

காட்டிய பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. கை அப்படியே நின்றது. மகளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்தக் கணத்தில் அவர் கவைக்கோலைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போயிருப்பார். அவள் சொல்லவில்லை. அவளால் இழுங்கள் என்றும் சொல்ல முடியவில்லை.

காளிச்சாமி தாமாகவே கயிற்றை எடுத்து இழுத்தார். கட்டை வெண்ணெயில் போவது போல வழுக்கிக்கொண்டு வந்தது.

"எத்தனைங்குது?"

"நாலுங்க."

"முந்தி?"

"ஏழுங்க."

"ஏழுன்னா?"

"ஏழுன்னா நின்னிருப்பானுங்கப்பா."

"நாலுன்னா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இருபத்துமூன்று மீட்டர். கணக்கைப் போடாமலே அவளுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

"மெல்லிசாப் போட்டிருந்தா" என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கவில்லை. ஆட்டோவில் ஏற்றும்போது பையன் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை என்று சொன்னார். இதுவரை வீட்டில் யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. வளைவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மருதாத்தாள் துண்டை ஆட்டி அதை நிறுத்தினாள்.

எந்தச் சோதனையையும் மூன்று முறை செய்ய வேண்டும் என்று அந்தப் புத்தகங்கள் சொல்கின்றன. அவர் இன்னும் இரண்டு முறை இழுத்தார். இரண்டாவது முறை நாலு. மூன்றாவது முறை அவர் எத்தனை என்று கேட்கவில்லை. அதுவும் நாலுதான். ஏழுக்குக் கீழே அவள் மூன்று நாலுகளை எழுதினாள்.

"இந்த ரிப்போர்ட்டு போனா அந்த லாரிக்காரன விட்டுருவாங்களா?"

"விட்டுருவாங்க."

அவர் வேட்டியில் ஒட்டியிருந்த பொட்டைத் தட்டிவிட்டார். பஸ் மறுபடி ஹாரன் அடித்தது.

"நாளைக்கு ஸ்டேஷன்ல மறுக்கா நாஞ் சொல்றத எத்தன மணிக்கு எழுதி வாங்குவாங்க?"

நீங்கள் போக வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல யோகப்பிரியா வாயைத் திறந்தாள். உலகத்தில் வேறு எதையும் விட அதைத்தான் அவள் சொல்ல விரும்பினாள்.

"பத்து மணிக்கு மேலதானுங்கப்பா எஸ்.ஐ. வருவாரு" என்றாள்.